வெள்ளத்தில் மூழ்கிய பயிரும் விதைக்குள் எழுதிய எழுத்தும்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து அடைமழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், வெட்டாற்றின் கடைமடையிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பேரேடுகளைப் பிரிப்பதற்குள் அங்கத்தினர் ஒருவர் அலுவலகத்தினுள் நுழைந்தார். வயதில் என் தந்தையாரை ஒத்தவர். சேறு வழியும் நெற்குத்து ஒன்றை மேசைமீது வைத்து, "ஐயா, கணக்கை அப்புறம் பாருங்கள், முதலில் இதைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். நடவு செய்து ஒரு மாதமான சம்பாப் பயிர் அது. பத்து நாட்கள் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்து வெளிவந்தது. குத்தில் இரண்டு நாற்றுகள் இருந்தன. ஒன்று கூழாக அழுகியிருந்தது. மற்றொன்றின் நடுவிலோ பச்சைக் குருத்து ஒன்று விரல் நீளம் நீண்டிருந்தது.

"சங்கத்தில் வாங்கிய விதை. வெள்ளம் தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே மூட்டை, ஒரே நாற்றங்கால், ஒரே வயல், ஒரே தண்ணீர். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது. இது என்ன நியாயம்?" என்று அவர் கேட்டார். பயிர்க் கடன் வாங்கி நட்டவர் அவர். வயலில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. பின்னர் நூல்களைப் படித்தும், வேளாண்மை அறிந்தவர்களிடம் கேட்டும் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன். இது அந்தப் பெரியவருக்கு மட்டும் உரிய விடையன்று. விதையை வாங்கும் உழவருக்கும், விற்கும் சங்கத்திற்கும் உரியது. நெசவாளச் சகோதரர்கள் இதனை உழவர் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டா. விஷயத்தை விளக்க அவர்களுடைய தறியைத்தான் நான் துணைக்கு அழைக்கப் போகிறேன்.

தறியும் அட்டையும்

திருபுவனத்துப் பட்டு நெசவாளரின் தறிமேல் ஜக்கார்டுப் பெட்டி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். துளையுள்ள இடத்தில் பாவு இழை மேலே தூக்கப்படும். துளையில்லாத இடத்தில் கீழேயே நிற்கும். அன்னமும் மாங்காயும் அட்டையில் இல்லை. அட்டையில் இருப்பவை துளைகளே. அத்துளைகளின் வரிசைதான் சேலையில் அன்னமாகவும் மாங்காயாகவும் விரிகிறது.

உயிர்களின் உடலிலும் இத்தகைய அட்டைக்கோவை ஒன்று உண்டு. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய நீண்ட இழை இருக்கிறது. நான்கு வகை இரசாயனக் கூறுகள் அதில் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. ஏ, டி, ஜி, சி என்று விஞ்ஞானிகள் அவற்றை அழைப்பர். தமிழுக்கு எழுத்து 247; உயிரின் ஏட்டுக்கு எழுத்து நான்கே. அந்த நான்கைக் கொண்டு எழுதிய ஒரு கட்டளைப் பகுதியே மரபணு எனப்படும் ஜீன். நெல்லின் ஏடு 12 குரோமோசோம்களாகப் பகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 38 கோடியே 90 லட்சம் எழுத்துக்கள்!

நெல்லின் வேரிலுள்ள உயிரணுவிலும், இலையிலுள்ளதிலும், கதிரிலுள்ளதிலும் இருப்பது அதே முழு ஏடுதான். பின் ஏன் வேர் வேராகவும் கதிர் கதிராகவும் இருக்கின்றன? இங்கும் தறியையே பாருங்கள். நெசவாளர் வீட்டில் உடலுக்கும், கரைக்கும், முந்தானைக்கும் உரிய அட்டைகள் யாவும் இருக்கின்றன. ஆயினும் உடலை நெய்யும்போது முந்தானைக்குரிய அட்டைகள் வேலை செய்வதில்லை. உரிய இடம் வந்ததும் அவை ஏறுகின்றன. அவ்வாறே ஒவ்வொரு மரபணுவும் தனக்குரிய இடத்திலும் காலத்திலுந்தான் விழித்தெழுகிறது. முதலில் அதற்கு ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. அந்நகலின்படி புரதம் செய்யப்படுகிறது. புரதம் சென்று வேலையை முடிக்கிறது. மரபணுவின் வெளிப்பாடு என்பது இதுவே. மரபணு இருப்பது ஒன்று. அது எழுவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் வெள்ளத்தின் கதை எளிதில் விளங்கும்.

தவறிய துளையும் புதிய வேலைப்பாடும்

அட்டை வெட்டுபவர் ஒரு துளையைத் தவறவிட்டால் அத்தவறு அந்த அட்டையால் நெய்யும் ஒவ்வொரு சேலையிலும் வரும். பெரும்பாலும் அது குறையாகத் தோன்றும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. என்றோ ஒரு நாள், எவரும் எண்ணாத புதிய அழகாகவும் அமைந்துவிடும். மரபணுவில் இவ்வாறு எழுத்து மாறுவதையே திடீர் மாற்றம் என்கிறோம்.

நம் நாட்டு நெல்லின் சரித்திரத்தில் இதற்குச் சிறந்த சாட்சி ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று நம் முன்னோர் விரும்பியுண்ட சன்னரகம் அது. கோனமணி என்னும் நெல்லில் தானாகவே தோன்றிய திடீர் மாற்றத்தைக் கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டெடுத்துப் பெருக்கி 1921-இல் வெளியிட்டனர். அதன் வழியில் டி.கே.எம். 6 பிறந்தது. டி.கே.எம். 6-ஐ ஒரு பெற்றோராகக் கொண்டு ஐ.ஆர். 20 பிறந்தது. தஞ்சைத் தரணியில் ஐ.ஆர். 20 பயிரிடாத கிராமம் ஒரு காலத்தில் அரிது.

எழுத்து மாறுவது மட்டுமன்று, ஒரு பகுதி அப்படியே உதிர்ந்துபோவதும் உண்டு. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 குட்டையாக நின்று, உரத்தைத் தாங்கி, சாயாமல் விளைந்தது. அக்குட்டைத் தன்மை டீ-ஜியோ-வூ-ஜென் என்னும் சீன நெல்லிலிருந்து வந்தது. அதன் காரணம் 2002-இல்தான் தெரிந்தது. பயிரை உயரச் செய்யும் ஜிப்பரெலின் என்னும் சத்தை ஆக்குவதில் பங்குகொள்ளும் ஒரு மரபணுவில் 383 எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. ஒரு சிறு விடுபாடு கோடிக்கணக்கானவர்களின் வயிற்றை நிரப்பியது!

இயற்கை தரும்வரை காத்திராமல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சித் திடீர் மாற்றத்தை வரவழைப்பதும் உண்டு. ஒரிஸாவில் டி. 141 என்னும் நெல்லின்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பெற்ற ஜகந்நாத் என்னும் வகை 1969-இல் வெளிவந்தது. ஜகந்நாத்தையும் பங்கஜ் என்னும் வகையையும் கலந்து கட்டக்கில் உருவாக்கியதே சி.ஆர். 1009. பொன்மணி என்று நாம் அழைக்கும் நீண்ட காலச் சம்பா அதுதான். 155 நாட்களுக்குக் குறையாத வயதுடையது. களிமண் நிறைந்த நம் தாழ்நிலங்களுக்கு நன்கு பொருந்தி விளைவது. அதற்கு இருந்த பெருங்குறை ஒன்றே: வெள்ளத்தில் மூழ்கினால் மடிந்துவிடும்.

மூழ்கிய பயிர் ஏன் சாகிறது?

பயிர் நீருக்குள் அகப்பட்டதும் மூச்சு முட்டுகிறது. காற்றும் ஒளியும் குறைகின்றன. பயிருக்குள் எப்போதும் சிறிதளவு உண்டாகும் எத்திலீன் என்னும் வாயு, நீர் சூழ்ந்திருப்பதால் வெளியேற இயலாமல் உள்ளேயே சேர்கிறது. அதுவே பயிருக்கு அபாய அறிவிப்பு. சாதாரண நெல் இந்த அறிவிப்பைக் கேட்டதும் நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்க எண்ணி இலைகளை அவசரமாக நீட்டுகிறது. சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் அதற்கே செலவிடுகிறது. நீர் வடிவதற்குள் கையிருப்புத் தீர்ந்து, வெளிறி, நிற்கவும் வலுவின்றிச் சாய்ந்துவிடுகிறது. வரவின்றிச் செலவு செய்த குடும்பத்தின் நிலைதான் அதற்கும்.

நீருடன் போட்டியிட்டு உயர்ந்து வெல்லும் நெல்களும் உண்டு. மடுமுழுங்கி, ஒட்டடையான் முதலிய நம் பழைய வகைகளை முதியோர் அறிவர். நீர் ஏறி நெடுநாள் நிற்கும் பள்ளத்திற்கு அவை ஏற்றவை. ஆனால் வந்த வெள்ளம் பத்துப் பன்னிரண்டு நாளில் வடிந்துவிடும் வயலில் வேண்டியது வேறு குணம். ஓடாமல், பதறாமல், கையிருப்பைக் காத்து அடங்கியிருக்கும் குணம் அது.

அக்குணம் ஒரிஸாவின் நாட்டு நெல் ஒன்றில் இருந்தது. அதிலிருந்து தெரிந்தெடுத்த வகைக்கு எப்.ஆர். 13 ஏ என்று பெயர். நீருக்குள் இரண்டு வாரம் கிடந்தும் அது மீண்டெழுந்தது. ஆனால் விளைச்சல் குறைவு. அரிசியின் தரமும் தாழ்வு. அதன் நற்குணத்தை மட்டும் பிரித்து நல்ல நெல்லுக்குத் தருவது எவ்வாறு? அந்தக் குணம் ஏட்டின் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தானே எடுக்க முடியும்!

ஏட்டைப் படித்த கதை

1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த ஏடுகளில் செல்லரித்தவை உண்டு. நடுவில் இதழ்கள் இல்லாதவை உண்டு. ஒரு பிரதியில் இல்லாததை மற்றொன்றில் கண்டு, பொதுவான வரிகளைப் பொருத்தி, முழு நூலையும் அவர் மீட்டார்.

டி.என்.ஏ.வைப் படிப்பதும் ஏறக்குறைய அவ்வாறே. இழையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் படிக்க அன்றைய கருவிகளால் இயலவில்லை. ஆதலால் பல பிரதிகளைச் சிறு சிறு துண்டுகளாக்கினர். ஒவ்வொரு துண்டையும் நகலெடுக்கும்போது, குறிப்பிட்ட எழுத்து வருமிடங்களில் நகல் நின்றுவிடும்படி செய்தனர். நின்ற நகல்களை மின்சாரத்தின் உதவியால் நீள வரிசையில் பிரித்தால் எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கலாம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெடரிக் சாங்கர் 1977-இல் வெளியிட்ட முறை இது. படித்த துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு அடுக்கினால் முழு ஏடும் கிடைக்கும். இதனை வரிசையறிதல் என்பர்.

நெல்லின் ஏட்டை வரிசையறியும் பணி 1998-இல் ஜப்பான் முன்னின்று நடத்தத் தொடங்கிற்று. வேலையைக் குரோமோசோம் வாரியாகப் பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள் பங்கிட்டுக்கொண்டன. இந்தியா 2000-இல் சேர்ந்தது. 11-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைத் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும், தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழக வளாகத்து விஞ்ஞானிகளும் படித்தளித்தனர். முடிவு 2005-இல் வெளியிடப்பட்டது. எண்ணி அறிந்த மரபணுக்கள் 37,544. படித்த ஏடு எவருடைய தனிச்சொத்தாகவும் ஆகாமல் உலகத்தார் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. சிறு துளி பெருவெள்ளமாகும் கூட்டுறவுக்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

வெள்ளம் தாங்கும் குணம் 9-ஆம் குரோமோசோமில் இருப்பதை ஷூ, மக்கில் என்ற விஞ்ஞானிகள் 1996-இல் கண்டிருந்தனர். 2006-இல், பமீலா ரொனால்டு உள்ளிட்ட குழுவினருடன் சேர்ந்து, சப்1ஏ என்னும் அந்த மரபணுவையே பிடித்துக் காட்டினர். இதில் ஓர் அதிசயம் உண்டு. உலகத்தார் வரிசையறிந்த நெல் நிப்பொன்பரே என்னும் ஜப்பானிய வகை. அதன் ஏட்டில் சப்1ஏ என்ற பக்கமே இல்லை! எப்.ஆர். 13 ஏ-வின் வழிவந்த நெல்லைத் தனியே படித்த பிறகே அது அகப்பட்டது. வேறு சில நெல்களில் அப்பக்கம் உண்டு. ஆயினும் எழுத்து மாறியிருப்பதாலும் போதிய அளவு எழாததாலும் பயன் தருவதில்லை. ஒரு நெல்லைப் படித்ததால் எல்லா நெல்லையும் படித்ததாகாது என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னர் 89 நாடுகளிலிருந்து சேர்த்த 3,000 வகை நெல்களின் ஏடுகளைப் படித்து 2014-இல் வெளியிட்டனர். நம் பாட்டனார் வைத்திருந்த நாட்டு விதையைக் கழித்துக் கட்டுவதற்குமுன் நாம் இருமுறை எண்ண வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சப்1ஏ செய்யும் வேலை யாது? வயல் காய்ந்திருக்கும் நாளில் அது பெரும்பாலும் உறங்குகிறது. மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் சேர்ந்ததும் விழித்தெழுகிறது. உயர்ந்து வளரத் தூண்டும் ஜிப்பரெலினின் கட்டளைக்கு அணை போடுகிறது. பயிர் நீளாமல் அடங்குகிறது, மாவுச்சத்து மிச்சமாகிறது. நீர் வடிந்ததும் மிஞ்சிய முதலைக் கொண்டு குருத்து விடுகிறது. முந்தானை வரும்வரை காத்திருந்த அட்டையைப் போல், வெள்ளம் வரும்வரை காத்திருக்கும் மரபணு இது.

வீசம் வரை கலந்த கதை

இந்த மரபணுவை நம் நெல்லுக்குள் கொண்டுவந்தது எவ்வாறு என்று சில அங்கத்தினர் ஐயத்துடன் கேட்கின்றனர். வேறு உயிரின் மரபணுவை ஊசி போட்டு ஏற்றிய பயிரன்று இது. நெல்லோடு நெல்லை மகரந்தத்தால் கலந்த பழைய முறையே. முதற்கலப்பில் எப்.ஆர். 13 ஏ-வின் பங்கு அரை. பிறந்த பயிரை மீண்டும் நம் நெல்லோடு கலந்தால் சராசரியாகக் கால். மறுமுறை கலந்தால் அரைக்கால். அதற்கும் மறுமுறை வீசம். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத்துண்டு ஒன்றைச் சோதித்து, சப்1 இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தனர். ஏட்டைப் படித்து வைத்திருந்ததால் இச்சோதனை கைகூடிற்று. பயிரை மூழ்கடித்துப் பார்த்துக் காத்திருக்கும் வேலை மிச்சமாயிற்று. இவ்வாறு உருவான ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. பின்னர் நம் பொன்மணியும் சி.ஆர். 1009 சப்1 ஆயிற்று.

பெரியவருக்கு உரிய விடை

இனி அந்த நெற்குத்துக்கு வருவோம். பிழைத்த நாற்றில் சப்1ஏ இருந்தது. மடிந்ததில் இல்லை. அன்று மாலை கிடங்கைப் பார்த்தபோது விடை வெளிப்பட்டது. அங்கே சி.ஆர். 1009, சி.ஆர். 1009 சப்1 ஆகிய இரண்டும் அருகருகே அடுக்கியிருந்தன. எலி கடித்த மூட்டைகளிலிருந்து சிந்தியதை ஒன்றாகக் கூட்டி, புதுச் சாக்கில் கட்டியிருந்தார்கள். எவரும் வஞ்சனை எண்ணவில்லை. இரண்டும் ஒரே நெல்தானே என்று நினைத்தார்கள். நெல்மணியைப் பார்த்தாலும், சமைத்து உண்டாலும் வேற்றுமை தெரியாது. வேற்றுமை உள்ளே எழுத்தில் இருக்கிறது. வெள்ளம் வந்து படித்துக் காட்டும்வரை எவர் கண்ணுக்கும் புலப்படாது. படித்துக் காட்டும் அன்றோ திருத்துவதற்கு வழியில்லை.

கண்ணால் சோதிக்க இயலாத பொருளை விற்கும்போது விற்பவரின் நாணயமே அப்பொருளின் தரம். ஆகவே ஒவ்வொரு சங்கமும் சிலவற்றை விதியாகக் கொள்ள வேண்டும்.

முதலாவது, விதையின் அட்டையைப் பார்த்து வாங்குதல். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என்று அட்டையின் நிறம் வகுக்கப்பட்டிருக்கிறது. அட்டை அறுந்த மூட்டையை விதையாக விற்காமல் உணவு நெல்லாகக் கணக்கில் எழுதிவிடுக. நஷ்டம் சில நூறு ரூபாயாக இருக்கலாம். அங்கத்தினரின் வயலை அது காக்கும்.

இரண்டாவது, பெயரில் ஒத்த வகைகளை வேறு வேறு அறையில் அடுக்குதல். இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சொந்த விதை எடுப்போர் கவனிக்க வேண்டியது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. ஆதலால் சில பருவங்களுக்குச் சொந்த விதை வைக்கலாம். ஆனால் விதை வயலுக்கும் மற்ற வகை வயலுக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். முன்பருவத்தில் உதிர்ந்து முளைத்தவற்றைக் களைந்துவிட வேண்டும். அறுவடை இயந்திரம் பக்கத்து வயலின் நெல்லைச் சுமந்து வருவது இக்காலத்துப் பெருந்தீமை. இயந்திரத்தைத் துடைத்து, முதலில் விழும் சில மூட்டைகளை விதைக்கு ஒதுக்காதிருத்தல் நலம்.

நான்காவது, மரபணுவிடம் அதன் எல்லைக்கு மேல் கேட்காதிருத்தல். அது காப்பது இரண்டு வாரம் வரையில்தான். அரைப்பயிர் அளவு நீர் மாதக்கணக்கில் தேங்கினால் அது உதவாது. பூக்கும் காலத்து வெள்ளத்திற்கும் அது மருந்தன்று. நீர் வடிந்தவுடன் உரத்தை வீசாமல், குருத்து வெளிப்படும்வரை சில நாள் பொறுத்து இடுக. அடைபட்ட வடிகாலை எந்த மரபணுவும் தூர்வாரித் தராது. 2008-இல் நிஷா புயலின்போதும், 2020-இல் புரெவியின்போதும் நம் வயல்களை மூழ்கடித்தது மழை மட்டுமன்று. போக வழியற்று நின்ற நீருந்தான்.

அந்தச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விஷயம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. கிடங்கைப் பிரிக்கத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் அந்தப் பெரியவரே. பொறுப்பிலிருந்தவர்களை ஒரு சொல்லும் கடிந்துரைக்காமல், "நம்முடைய சங்கம், நாமே சரி செய்வோம்" என்று மட்டும் கூறி அமர்ந்தார்.

விதைக்குள் உள்ள எழுத்தை நம்மால் வாசிக்க இயலாது. அதற்குரியவர்கள் வாசித்து, தெரிந்தெடுத்து நமக்குத் தந்திருக்கின்றனர். மூட்டையின்மேல் உள்ள எழுத்தோ நம் கையில் இருக்கிறது. உள்ளெழுத்தும் வெளியெழுத்தும் ஒன்றாயிருக்கச் செய்வதே சங்கங்களின் கடமை. வரும் ஐப்பசி மழைக்கு முன்னரே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் சங்கத்துக் கிடங்கை ஒருமுறை நேரில் சென்று பார்ப்பார்களாக.